கேமராவுக்குச் சளி பிடித்த தை மாதம்

பஸ் நிலையத்துப் பலகையில் மெட்ராஸ் ஸ்டேட் என்றிருந்ததை அழித்துவிட்டுத் தமிழ்நாடு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவர் குளிர் தாங்காமல் அடிக்கடி கையை அக்குளில் சொருகிக்கொண்டார். அவர் கையிலிருந்து பெயிண்ட் சொட்டிவிடுமோ என்று நான் நாலடி தள்ளி நின்றேன். என் தோளில் பள்ளியின் கேமரா தொங்கியது.

ஓசூரில் நான் வேலை பார்த்த கன்னியர் பள்ளியில் இருந்தது அந்த ஒரு கேமராதான். முன்னால் மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிகள். மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். தலைமையாசிரியையான மதர் அதன் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளியை நடத்திய கன்னியர் சபை கட்டிய சின்னப் பள்ளிக்கூடத்தின் திறப்பு விழாவை நான்தான் படம் எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு உதவி செய்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் படங்கள் போகும். என் சொந்தக் கிராமம் அதற்குப் பக்கத்தில் என்பதால் முதல் நாளே போய் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் விழாவுக்குப் போவதாக ஏற்பாடு.

"பட்டிக்காட்டுப் பொண்ணு கையில கொடுக்கறாங்க, ஒடைச்சிட்டுத்தான் வருவா" என்று ஆசிரியைகள் அறையில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. கேட்காததுபோல் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நிலைமை எனக்கு வரக்கூடாது. அன்றைக்கு என் மனதில் வேறு நினைப்பு இல்லை.

மதர் வேறு தேசத்தவர். பாடப்புத்தகத் தமிழில்தான் பேசுவார். "குளிரிலிருந்து சூடான இடத்துக்குப் போனால் உடனே திறக்காதே. பையோடு ஒரு மூலையில் வைத்துவிடு. அது மெல்ல அந்த அறைக்குப் பழகட்டும். அவசரப்பட்டால் கண்ணாடியில் நீர் கோக்கும். உள்ளே கோத்த நீரை உன்னாலும் துடைக்க முடியாது, என்னாலும் முடியாது."

அதோடு விட்டிருக்கலாம். கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். குளிர் காலத்துக்கென்று அதில் தனிப் பகுதி இருந்தது. ஸ்நோவில் எடுத்துப் போனால் உள்ளிருக்கும் எண்ணெய் இறுகி ஷட்டர் நின்றுவிடுமாம். பிலிமை வேகமாகச் சுற்றினால் முறிந்துவிடுமாம். பிளாஷ் விளக்கின் செல்கள் செத்துவிடுமாம். ஸ்நோ என்றால் என்ன என்று அகராதியைப் பார்த்தேன். பனி என்று போட்டிருந்தது.

வெள்ளையாகக் கொட்டி மலையை மூடும் பனி எனக்குத் தெரியாததல்ல. பூகோளப் புத்தகத்தில் இமயமலைப் படம் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் தை மாதம் காலையில் புல்லை நனைத்து, எதிரே வரும் மாட்டை மறைத்து, தலையில் இறங்கினால் காய்ச்சல் கொண்டுவருவதற்கும் பனி என்றுதானே பெயர்? எந்தப் பனி என்று அகராதி பிரித்துச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தபோது பயப்படுவதே நல்லது என்று எல்லா எச்சரிக்கைகளையும் எங்கள் ஊருக்கே எழுதியதாக எடுத்துக்கொண்டேன்.

கோட்டுக்குள் வைத்துக்கொள் என்றது புத்தகம். எனக்கு ஏது கோட்டு? கேமராப் பையை அப்பாவின் கறுப்புக் கம்பளியில் சுற்றினேன். பிளாஷ் விளக்குக்கான செல்களைத் துணியில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸின் ஜன்னல்களுக்குப் படுதாதான். அதுவும் பாதி கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டது. மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"மடியில இன்னாம்மா, கொழந்தையா?"

"இல்லைங்க, கேமரா."

"அழுவாதில்ல? அப்ப டிக்கெட்டு வேணாம்." பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடியை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் இரக்கப்பட்டு நகர்ந்து இடம் விட்டாள். "இங்க வந்து குந்தும்மா, கதகதன்னு இருக்கும்."

எஞ்சின் சூட்டிலிருந்து மறுபடி குளிரில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். "வேணாங்க, இங்கயே இருக்கேன்."

"பாத்தியா, படிச்ச புள்ளக்கி எஞ்சின் சூடு ஆவாதாம்" என்று அவள் கண்டக்டரிடம் சொன்னாள். அவர் கன்னடத்தில் ஏதோ பதில் சொல்ல, இன்னொரு முறை சிரித்தார்கள். நான் நடுங்கிக்கொண்டே வெளியே பார்த்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூட்டையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்ததில் கை மரத்துப் போனது.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பானையில் தண்ணீர் கொதித்து வீடே ஆவியாக இருந்தது. மதர் சொன்னபடி மூட்டையை வாசலை ஒட்டிய அறையில், விதை மூட்டைகளுக்குப் பின்னால், அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்தேன்.

"அத யாரும் தொடக்கூடாது. அம்மா, உன்னத்தான்."

"எனக்கு இன்னா வேல அதுகிட்ட?" என்றாள் அம்மா.

கொல்லைப்புறம் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் வீட்டில் சாம்பிராணி வாசனை. அன்று வெள்ளிக்கிழமை இல்லையே என்று நினைத்தபடி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சமையலறையில், தலைக்கு ஊற்றிய குழந்தைக்குச் செய்வதுபோல, அம்மா தணலின் மேல் கூடையைக் கவிழ்த்திருந்தாள். கூடையின் மேல் கேமரா. கூடைக் கண்கள் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கையால் புகையை அதன் பக்கம் தள்ளிவிட்டு, மறு கையில் முந்தானையைச் சுருட்டிக் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தாள். அந்த முந்தானையில் அடுப்புச் சாம்பலும் கேழ்வரகு மாவும் இருந்தன.

நான் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது.

"இன்னாத்துக்குடி கத்தற? பாவம், குளுருல மூலையில கெடக்குதேன்னு அடுப்பாண்ட கொண்டாந்து வெச்சேன். தொறந்து பாத்தா ரெண்டு கண்ணுலயும் தண்ணி வுடுது. சளி புடிச்சிருக்குது அதுக்கு!"

"அது கொழந்தையாம்மா? மெசினும்மா!"

"மெசினுக்கு எதுக்குடி கம்பளி சுத்தி எடுத்தாந்த?"

கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். இரண்டு கண்ணாடியும் பால்போல வெளுத்திருந்தன. துடைக்கக்கூடாது. ஊதக்கூடாது. சிம்னி விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். களி ஆறிப்போனது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பு ஓரத்திலிருந்து விலகி, நடுவில் ஒரு காசளவு நின்று, பிறகு அதுவும் போனது. வெளிக்கண்ணாடி தெளிந்துவிட்டது. உள்ளே? புகை எவ்வளவு நேரம் பட்டது, பிசின்போல ஏதாவது படிந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் தேடினேன். ஸ்நோவைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள் சாம்பிராணியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் விழாவில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். புடவை கட்டிய பெண் கேமராவில் குனிந்து நிற்பது அவர்களுக்குப் புதிது. வேறு நாளாக இருந்தால் நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன். அன்று என் கவனமெல்லாம் பிலிம் சுற்றும் திருகில் இருந்தது. முறிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். ரிப்பன் வெட்ட வந்த பெரியவர் கத்தரியைப் பிடித்தபடி காத்திருந்தார். "சீக்கிரம்மா, கை நோவுது" என்று அவர் சொல்லும்வரை நான் திருகி முடிக்கவில்லை.

திரும்பி வந்து கேமராவை மதரின் மேசையில் வைத்தேன். பையைத் திறந்தவர் மூக்கை அருகில் கொண்டுபோனார்.

"இதைக் கோயிலுக்கு எடுத்துப் போனாயா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தோல்பை முழுக்க மணம். "இல்லை மதர். சளி பிடித்துவிட்டது என்று என் அம்மா புகை போட்டார்" என்றேன். நிமிர்ந்துதான் சொன்னேன்.

மதர் கேமராவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "படங்கள் வரட்டும்" என்று கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

பிலிமைக் கழுவ பெங்களூருக்கு அனுப்பினார்கள். தபால்காரர் வரும் நேரத்தில் என் வகுப்பில் பாடம் நடந்தது என்று சொல்ல முடியாது. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு வாசலைப் பார்ப்பேன். "டீச்சர், விடை தப்பு" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். ஆசிரியைகள் அறையில் அந்த ஒருத்தி என்னிடம் அக்கறையாக, "உங்க வீட்ல சாம்பிராணி எங்க வாங்கறீங்க?" என்று கேட்டாள்.

ஒரு நாள் மதர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் படங்கள் வரிசையாகக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கிட்டே போகவும் இல்லை. மதர் ஒரு படத்தை எடுத்து என் கண்ணருகில் பிடித்தார். ரிப்பன், கத்தரி, பெரியவரின் சட்டைப் பொத்தான், அவர் முகத்தில் கை வலி எல்லாம் துல்லியமாக இருந்தன.

"சளி இல்லை" என்று சொல்லிச் சாவியை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள்.

"அதுக்குக் கண்ணு நல்லாச்சா?"

"நல்லாச்சும்மா."

"நான் போட்ட பொகைதான்."

ஆவி ஏன் கண்ணாடியில் படிகிறது, ஏன் தானாகப் போகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னேன். "அத ஒண்ணும் பண்ணாம சும்மா வுட்டாலே சரியாயிடும்மா" என்று முடித்தேன்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சின்னதுல ஒனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கினப்ப நான் சும்மா வுட்டிருந்தா, இத்தச் சொல்ல நீ இருப்பியாடி?"