படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். பம்புக்காரர் தன் மனைவியை வண்டிக்குள் படுக்க வைத்துப் பார்த்தார்.

பழைய வண்டி விற்கும் யார்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்ன சார், வண்டி வாங்க வந்தீங்களா, கட்டில் வாங்க வந்தீங்களா?”

பின்கதவு வழியாக அவள் குரல் வந்தது. “ரெண்டும் ஒண்ணாக் கிடைக்குமான்னு பாக்கத்தாங்க வந்தோம்.”

எதையும் அவள் இப்படித்தான் பேசுவாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, வெளியே வந்ததும், “ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு வேலைநிறுத்தம் பண்ணுதுங்க பாருங்க, ஒண்ணாவது வேலைக்கு வரக் கூடாதா?” என்றாள். அவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் குடியிருந்தது மலைமேல், பம்ப் ஹவுஸை ஒட்டிய இரண்டு அறை வீட்டில். மேட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. அந்த ஏரித் தண்ணீரை மேட்டைத் தாண்டித் தள்ளிவிட்டால் அது தானாகக் கீழே நகரத்துக்கு இறங்கிவிடும். தள்ளிவிடும் வேலைதான் அவருடையது. வீட்டுச் சுவரில் கையை வைத்தால் மோட்டாரின் அதிர்வு தெரியும். அலமாரித் துணியிலெல்லாம் குளோரின் வாடை. பம்ப் நின்றால்தான் அவருக்குத் தூக்கம் கலையும், ஓடிக்கொண்டிருந்தால் குறட்டைதான். ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வேலை, சில மணி நேரத்துக்கு மாற்றாள் கிடைப்பாரே தவிர, விட்டுவிட்டுக் கீழே குடிபோக வழியில்லை.

நகரத்திலிருந்து பாதி வழி தார் ரோடு. மீதி மண். மழை பிடித்துவிட்டால் அந்த மண் சோப்பு மாதிரி வழுக்கும். வாரத்தில் இரண்டு முறை அவளை டயாலிசிஸுக்கு அந்த வழியாகத்தான் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். உட்கார்ந்தால் தலை சுற்றும், படுத்தபடிதான் அவளால் போய்வர முடியும். வெயில் நாட்களில் பக்கத்துப் பழத்தோட்டத்து டிராக்டர் உதவியது. போன மழையில் டிராக்டரே சேற்றில் படுத்துவிட்டது. அன்று டயாலிசிஸ் மிஷினுக்குப் போக முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. அவள் முகம் ஊதிக் கண் மறைந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, தலையணையை மடியில் அடுக்கி அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே கிடந்தாள். அன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று சொந்தமாக வேண்டும் என்ற முடிவு அப்போது வந்ததுதான். அவளுடைய தம்பி, நகரத்தில் துணிக்கடையில் வேலை பார்ப்பவன், யார்டைக் கண்டுபிடித்தான். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்து வந்தான்.

யார்டில் அப்படிப்பட்ட வண்டிகள் மூன்று நின்றன. முதலாவது சாம்பல் நிற வண்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கீழே விரலை விட்டுத் துழாவினார். விரல் நுனியில் காய்ந்த வண்டல் மண். “வெள்ளத்துல முங்கி எழுந்த வண்டி. வேணாம்,” என்றார். யார்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வண்டியின் சாவியை எடுத்து நீட்டினார்.

இரண்டாவது ஒரு வெள்ளை வண்டி. உயரமாக, அகலமாக, உள்ளே வீட்டுச் சோபா மாதிரி சீட். பின்சீட்டை மடித்தால் ஆள் நீட்டிப் படுக்கலாம். அவள் படுத்தாள். பம்புக்காரர் யார்டுக்குப் பின்னாலிருந்த குண்டும் குழியுமான காலி மனையில் வேண்டுமென்றே பள்ளம் பார்த்து ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தால் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். “என்ன ஆச்சு?” என்று பதறிப்போய் நிறுத்தினார்.

“ஏன் நிறுத்தினீங்க? இப்பத்தான் கண்ணு சொருகுச்சு.”

அவருக்கு அங்கேயே மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மெக்கானிக் வண்டியைச் சேற்றில் இறக்கிச் சக்கரம் சுற்றும்வரை மிதித்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

“குத்தம் சொல்ல முடியாது. நாலு சக்கரமும் இழுக்குது. ஆனா இது பட்டன்ல வேலை செய்யுற சமாச்சாரம். ரொம்ப நேரம் சேத்துல மல்லுக்கட்டினா சூடாகி, தானா முன்சக்கரத்தைக் கைவிட்டுடும். ஆறினாத்தான் திரும்பப் பிடிக்கும். வருஷத்துல என்னைக்கோ ஒரு நாள் அப்படி ஆகலாம். ஆகாமலும் போகலாம்.”

மூன்றாவது ஒரு பழைய பச்சை ஜீப். கூரை தார்ப்பாய். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் முன்சக்கரத்தின் நடுவிலிருந்த பூட்டைக் கையால் திருகி, உள்ளே இரும்பு லீவரை இழுத்துப் போட வேண்டும். மெக்கானிக் அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தார், எண்ணெயை இறக்கி விரலில் தேய்த்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்த்தார். வெளியே வந்து, “இது சுவத்துல கூட ஏறும்,” என்றார்.

பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு. நடுத்தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து அவள் படுத்தாள். அதே காலி மனை, அதே பள்ளங்கள். முதல் குலுக்கலிலேயே “அம்மா” என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. நிறுத்திப் பார்த்தபோது பெஞ்சுக் காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். உதட்டில் பல் பதிந்திருந்தது.

“வெள்ளை வண்டியே எடுத்துக்கலாம்,” என்றார் பம்புக்காரர்.

“இதை எடுங்க,” என்றாள் அவள்.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அக்கா, உனக்குப் பைத்தியமா? இதுல கல்லு ஏத்தலாம், மனுஷங்களை ஏத்த முடியாது. மாமா, நீங்களாவது சொல்லுங்க. இல்லாட்டி மழை முடியுற வரைக்கும் என் வீட்டுல இருக்கட்டும்.”

“உன் வீடு மூணாவது மாடிடா. மிஷின்ல இருந்து இறங்கினா எனக்கு மூணு படி ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் என்னைத் தூக்கிக்கிட்டு ஏறுவியா?” என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். “வலிச்சா நான் தாங்கிக்கிறேங்க. அன்னைக்கு மாதிரி மூச்சுக்கு அல்லாட என்னால முடியாது. என்னைக்கோ ஒரு நாள் நிக்கும்னு அவர் சொல்றாரே, அந்த ஒரு நாளை நெனச்சுக்கிட்டு மெத்தையில படுத்துத் தூங்க முடியுமா?”

அவர் கையைப் பிசைந்துகொண்டு வெள்ளை வண்டியையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் அதுவரை அவர் பெரிதாக எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. வேலை கிடைத்தது, வீடு ஒதுக்கினார்கள், பெண்ணையும் பெரியவர்கள் பார்த்து வைத்தார்கள். இப்போது அவரே முடிவு செய்ய வேண்டும். அவளோ முடிவு செய்துவிட்டாள். ஜீப்பை எடுத்தார்கள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தே கடைக்குப் போய்விட்டான்.

ஜீப் சொன்னபடி கேட்டது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அடைமழையில், ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியாத நாளில்கூட லீவரை இழுத்துப் போட்டால் உறுமிக்கொண்டு ஏறிவிடும். ஒரு முறைகூட மிஷினுக்கு அவள் தவறவில்லை.

ஆனால் அடி எல்லாம் அவள் உடம்பில் விழுந்தது. பம்புக்காரர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். லாரி ட்யூபை நாடா நாடாவாக அறுத்து, இரண்டு பெஞ்சுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி கட்டினார். அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் இன்னொரு மெத்தை. குலுக்கல் குறையட்டும் என்று மண் ரோடு தொடங்கும் இடத்தில் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார், தார் ரோடு வந்ததும் கைப்பம்பில் அடித்துக்கொள்வார். ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டுவார். இருந்தாலும் ஒரு கல் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அவள் ஜீப்புக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். “இன்னைக்கு மாமியார் ரொம்பக் கோவமா இருக்காங்க,” என்பாள் பின்னாலிருந்து. சில நாள், “இன்னைக்குப் பரவாயில்ல, ரெண்டு இடிதான்.” இரண்டாவது மழைக்காலத்தில் அந்தப் பேச்சு குறைந்தது. ஒரு துண்டை மடித்து வாயில் கடித்துக்கொண்டு வந்தாள். துண்டு வாயில் இருந்ததால் பேச முடியவில்லையா, பேசப் பிடிக்காமல் துண்டை வைத்துக்கொண்டாளா, அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு ஓட்டப் பழகிக்கொண்டார்.

மழை விட்ட பிறகு, ரோடு நன்றாகக் காய்ந்திருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை. மழைத்தண்ணீர் கீறிவிட்டுப் போன சின்னக் கோடு. முன்சக்கரம் இறங்கி ஏறியது, பின்சக்கரம் இறங்கி ஏறியது. சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தது. அடியில் ஏதோ குச்சி மாட்டியிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகுதான் அவள் துண்டைத் துப்பிவிட்டு, “நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

இடுப்பெலும்பு. மீதி வழியை எப்படி ஓட்டினார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இந்த நோயில் எலும்பு உளுத்துப்போகும், கட்டிலில் புரண்டு படுத்தாலே ஒடியக்கூடிய எலும்பு இது, உங்கள்மேல் தப்பு இல்லை என்றார். நல்ல மனுஷர், வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னார். பம்புக்காரர் தலையை ஆட்டினார். அவர் காதில் அந்தச் சுள்ளிச் சத்தம்தான் இருந்தது.

தம்பி வார்டுக்கு வந்தான். அக்காவைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, எல்லார் முன்னாலும், “நீங்கதான் ஒடிச்சீங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஒடிச்சீங்க,” என்றான். ஜீப்பைத் தேர்ந்தெடுத்தது அவள்தான் என்று பம்புக்காரர் சொல்லியிருக்கலாம், அவனுக்கும் அது தெரியும். சொன்னால் பழியை அவள் தலையில் கட்டுவது போலாகும் என்று விட்டுவிட்டார்.

ஆபரேஷன் செய்யும் நிலையில் அவள் உடம்பு இல்லை. படுத்த இடத்தில் புண் வந்தது, புண் வழியே காய்ச்சல் வந்தது. ஒரு மதியம் அவர் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, “ஆஸ்பத்திரிக் கட்டில் நல்லாத்தான் இருக்கு. ஆட்டமே இல்ல,” என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

கொண்டுபோய் அடக்கம் செய்த இடத்தில் தம்பி தள்ளியே நின்றான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மழை நடுவில் ஒரு நாள் அவன் மேலே வந்தான். அக்காவின் தையல் மிஷினைத் தன் மகள் கேட்கிறாள் என்றான். அதுவரை அவன் வந்ததெல்லாம் கோடை விடுமுறைகளில், ரோடு தூசி பறக்கும் காலத்தில். இந்த முறை அவனுடைய மோட்டார் பைக் பாதியிலேயே புதைந்துவிட, முழங்கால்வரை சேற்றோடு நடந்து வந்திருந்தான். செருப்பு ஒன்றுதான் இருந்தது. பம்புக்காரர் வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலைக் கழுவிவிட்டு அவன் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

“ரோடு இவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாது மாமா.”

“அவ சொல்லலையா?”

“சொல்லும். அக்கா எதையும் கூட்டித்தான் பேசும்னு விட்டுட்டேன்.”

சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆனாலும் அந்த வெள்ளை வண்டியை எடுத்திருக்கலாம்,” என்றான்.

“எடுத்திருக்கலாம்,” என்றார் அவர்.

தையல் மிஷினை முன்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, அவனைக் கீழே கொண்டுபோய் விட ஜீப்பை எடுத்தார். உட்கார இடம் பின்னால்தான். அவன் ஏறினான். பெஞ்சில் உட்காராமல், ட்யூப் நாடாக்களின்மேல் இன்னும் கிடந்த மெத்தையில் போய்ப் படுத்தான். பம்புக்காரர் பூட்டைத் திருகி, லீவரை இழுத்துப் போட்டு, எப்போதும் போல ஆள் நடக்கும் வேகத்தில் இறக்கினார். ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. அவர் வேகத்தை இன்னும் குறைத்தார்.

தார் ரோடு வந்ததும் அவன் இறங்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முயன்றான், முடியவில்லை. ஜீப்பின் பக்கத் தகட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்தபடியே நின்றான். தோள் குலுங்கியது. பம்புக்காரர் அருகே போகவில்லை. கைப்பம்பை எடுத்து, மழையில் நனைந்தபடி, டயருக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு தம்பி மேலே வரவில்லை, சண்டையும் போடவில்லை. ஜீப்பை அந்த வருஷக் கடைசியில் ஒரு மரக்கடைக்காரர் வந்து பார்த்தார். மலைமேலிருந்து கட்டை இறக்க வேண்டுமாம். “வண்டி எப்படி?” என்று கேட்டார்.

“ஏறும்,” என்றார் பம்புக்காரர். “ஆளுங்களைப் பின்னால படுக்க வைக்காதீங்க.”

மரக்கடைக்காரர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார்.