கல்யாணச் சோறு ஏற்றிய பிக்கப்

தங்கச்சி கல்யாணச் சாப்பாட்டை ஏற்ற வாடகை லோரி பிடிக்கச் சொன்னார் அப்பா. என் வீட்டுக்காரர் கேட்டால்தானே? நம்ம பிக்கப் இருக்கும்போது லோரி எதுக்கு மாமா என்று சொல்லிவிட்டார். அங்கே ஆரம்பித்தது வினை.

அந்தப் பிக்கப் எனக்குச் சக்களத்தி. பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுஷன் அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார். துருவேறிய தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் கார்களை விற்கிற கடையில் புது மாதிரி இஞ்சின் ஒன்றைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார். ரேடியேட்டர் மட்டும் பழசு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிழவனுக்குக் குமரன் நெஞ்சை வைத்தால் ஓடிவிடுவானா என்று அப்பா பார்க்கும்போதெல்லாம் கிண்டல் அடிப்பார்.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில். சமையல் முக்கால் மணி நேர ஓட்டம் தள்ளி கிள்ளானில், எங்கள் வீட்டுப் பின்கட்டில். அன்று காலையில் என் வீட்டுக்காரர் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முகப்பு முழுக்க மறைக்கிற மாதிரி தொடை தண்டிக்கு ஒரு செண்டுமல்லி மாலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பூசை மாலை வாடித் தானாக விழவேண்டும், யாரும் கை வைக்கக்கூடாது. அது அவர் வீட்டுப் பழக்கம்.

தங்கச்சி பக்கத்தில் நிற்கவேண்டியவள் நான். ஆனால் அந்த வண்டியை நம்பிச் சோற்றைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, பட்டுச்சேலையோடு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ஷா ஆலம் தாண்டியதும் இஞ்சின் சூடு காட்டுகிற முள் ஏற ஆரம்பித்தது. ஒன்றுமில்லை என்றார். சுபாங் ஜெயா கிட்டே அது சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார். குப்பென்று ஆவி.

அங்கே தாலி கட்டி முடிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுச் சனம் பந்திக்கு உட்காரும் நேரத்தில் சோறு நடுரோட்டில் நிற்கிறது. அப்பா எங்களைப் பேசுவது இருக்கட்டும், தங்கச்சி அல்லவா புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் இந்தப் பேச்சைக் கேட்கவேண்டும்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் இஞ்சினும் நீயும் என்று ஒருமைக்கே போய்விட்டேன். அவர் முகம் வெளிறிப்போய், நேற்று காப்பார் வரைக்கும் போய்வந்தபோது முள் அசையவே இல்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது? முன்பக்கம் வந்து பார்த்தேன். மாலையைத் தொட்டால் அவித்த கீரை மாதிரி கொதிக்கிறது. ரேடியேட்டருக்குக் காற்று நுழைய ஒரு விரல் இடம் இல்லை.

"அதுல கை வைக்காத, சாமி மாலை," என்றார்.

"சாமியா வந்து பந்தி பரிமாறும்?"

இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் பயம்தான், நல்ல நாள் அல்லவா. கீழே போட மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன். இஞ்சின் கொஞ்சம் ஆறியதும் பந்திக்கென்று வைத்திருந்த குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக் கிளம்பினோம். முள் பாதியிலேயே நின்றது. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மண்டப வாசலில் அப்பா நின்றார். முதலில் பார்த்தது, காலையில் மாலையோடு கண்ட முகப்பு வெறுமையாக இருந்ததைத்தான்.

"பூசை மாலைய எவன் பிச்சது? கல்யாண நாளும் அதுவுமா?"

"நான்தான் மாமா," என்று அவர் முந்திக்கொண்டார்.

நடுரோட்டில் என்னிடம் அவ்வளவு பேச்சு வாங்கின மனுஷன்.

"இல்லப்பா, நான்தான். காத்து போகாம இஞ்சின் கொதிச்சிருச்சு," என்று இறங்கினேன். மாலை கையில் இருந்தது. சேலையெல்லாம் மஞ்சள் கறை.

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பின்னால் போய் அண்டாவில் கை வைத்தவர், சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சோறு சூடாத்தான் இருக்கு," என்றார். "மாப்ள, அந்தப் பக்கம் புடிங்க."