டாக்டரிடம் சொன்ன மீன் குழம்பு

பட்டணத்தில் இருக்கிற என் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் கூடி வாசிக்கவும். இங்கே என்னோடு இருக்கிற பெரிய பேரன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் செர்த்திபிக்கா பரீட்சையில் தேறிவிட்டான். நடுப் பேத்திக்குத் தையலில் முதல் பரிசு. சின்னப் பேத்தி செவ்வந்தி ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பாடுவாள்.

அந்தச் செவ்வந்திதான் இன்று காலை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ராத்திரி என்னா சாப்ட பாப்பா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

பின்னால் நம் தெருப் பெண்கள் நின்றார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"மீன் கொழம்பும் சோறும் ஐயா."

அவர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்து நாளா ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போவல. மீன் எங்கேருந்து வந்துச்சு ஆயா? நெசத்தச் சொன்னாதான் நான் சரியா எழுதித் தர முடியும்" என்றார்.

வெறும் கஞ்சித் தண்ணீர்தான் என்று சொன்னேன்.

மருந்துச் சீட்டில் மருந்து எழுதவில்லை. தினமும் ஆஸ்பத்திரியில் பாலும் முட்டையும் தரும்படி எழுதினார். வீட்டில் இருக்கும் அவளுடைய குட்டித் தம்பியையும் கூட்டிவரச் சொன்னார்.

இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டேன்.

நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்றுதான் எழுதுகிறீர்கள். அதனால் உங்கள் பிள்ளைகளைப் புதிதாகப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். கன்னம் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.