பாவாயிக்குப் பழம் கிடையாது

எங்கள் மச்சான் சண்முகவேல் ஒரு மனிதக் குரங்குக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தார். கேள்விப்பட்ட அக்கா கமலவேணி கொஞ்ச நாள் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. "உங்க மேல இருக்கற மரியாதையிலதானுங்க அத்தை வெச்சேன்" என்று மச்சான் உகாண்டாவிலிருந்து போனில் சத்தியம் செய்தார். அம்மா பாவாயி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மச்சான் எருமப்பட்டிக்காரர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ட்ரில்லர். திருச்செங்கோட்டு ரிக் ஒன்று கப்பலேறி ஆப்பிரிக்கா போனபோது கூடவே இவரும் போனார். போன இடம் ஒரு காட்டோரக் கிராமம். சுற்றிலும் கரும்பு. மோகனூர்ப் பக்கம் வந்த மாதிரியே இருக்கிறதென்று அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கரும்பெல்லாம் காட்டை அழித்து நட்டது என்று அப்புறம்தான் தெரிந்ததாம். மிச்சமிருந்த காடு ஓடையோரமாக ஒரு கீற்றுதான். அதற்குள் ஒரு சிம்பன்சிக் கூட்டம். அதுகளுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் தண்ணீர் அந்த ஒரே ஓடையில். அங்கே முட்டிக்கொண்டதில் ஒரு பிள்ளைக்குக் கடி, பதிலுக்கு ஒரு சிம்பன்சி ஈட்டிக்குப் பலி. ஊருக்குள்ளேயே தண்ணீர் கிடைத்துவிட்டால் யாரும் ஓடைக்குப் போக வேண்டியதில்லை. அதற்குத்தான் போர்.

பூசை போடாமல் நம் ஆட்கள் ரிக்கின் லிவரில் கை வைக்க மாட்டார்கள். சூடம், தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். முதல் நாள் பூசை முடிந்து நிமிர்ந்தால், காட்டோரத்தில் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு பெண் சிம்பன்சி. நாமக்கல் சீமைக்காரர் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? வாலில்லாவிட்டால் என்ன, ஆஞ்சநேயர் வம்சந்தானே என்று படைத்த சீப்பை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டார். கம்ப்ரசர் மக்கர் செய்து வேலை இழுத்துக்கொண்டே போனது. தினமும் பூசை, தினமும் பழம். ஒருநாள் அது உள்ளங்கையை மேலே காட்டிக் கேட்டே வாங்கியது. மச்சான் அதன் அன்பில் விழுந்துவிட்டார். பாவாயி என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வந்தார் ரூத். அந்தக் காட்டைக் காக்கும் துறையில் வேலை பார்க்கிற பெண். பழத்தைப் பார்த்ததும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்கிறார் மச்சான். இன்றைக்கு உன் கையில் வாங்குகிறவள் நாளைக்கு ஊர்க்காரன் வாழைத்தோட்டத்துக்குள் இறங்குவாள், அவன் ஈட்டியை எடுப்பான், தாய் செத்தால் குட்டியைப் பிடித்து விற்றுவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு, சமையல்காரர் கந்தப்பன் மூக்கை உறிஞ்சுவதைக் காட்டி, நமக்கு வெறும் சளி, அதுகளுக்குத் தொற்றினால் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகலாம் என்றார். இனியும் சிம்பன்சி வெளியே வந்தால் இந்த இடத்தில் போர் கிடையாது, வண்டியைத் திருப்ப வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

மச்சானுக்குப் பாவாயியும் வேண்டும், ஊருக்குத் தண்ணீரும் வேண்டும். பூசையை நிறுத்தவும் ஆட்கள் ஒப்பவில்லை. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார். "பூசை நடக்கட்டும். படைச்ச பழத்த நின்ன எடத்துலயே நாமளே தின்னு தீத்துப்போடோணும். ஒரு தோலு வெளிய கெடக்கக் கூடாது."

அன்றிலிருந்து தோலெல்லாம் சட்டைப் பைக்குப் போய், சாயங்காலம் குழிக்குப் போனது. சளி தீரும்வரை கூடாரத்தை விட்டு வரக்கூடாதென்று நிறுத்தி வைக்கப்பட்ட கந்தப்பன், பங்குக்குப் போன பழங்களை மிச்சம் வைக்காமல் தின்று வயிற்றையும் கெடுத்துக்கொண்டார்.

பாவாயிக்கு இந்தத் தீர்ப்பு எப்படித் தெரியும்? காலையில் வழக்கம்போல வந்தாள், கையை நீட்டினாள். மச்சான் கையில் உரித்த பழம். முகத்தில் ரூத் கொடுத்த மாஸ்க்.

"போயிரு சாமி. இங்க இனிமே வராத."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்ரசரைக் கிளப்பினார். அந்த இரைச்சலில் திரும்பிப் பார்த்தபோது காட்டோரம் காலியாக இருந்தது. லிவரைப் பிடித்தபடி அழுதேன் மாப்ள என்று என்னிடம் கூச்சமில்லாமல் சொன்னார். இன்னும் இரண்டொரு தடவை வந்து பார்த்துவிட்டுப் பாவாயி வருவதையே விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் போரில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெண்கள் ஆடிய ஆட்டத்தில் மச்சானையும் இழுத்துவிட்டார்கள். அந்த வீடியோவை நாங்கள் போட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று; ஆட்டம் சுமார்தான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ரூத்திடமிருந்து போனில் ஒரு படம். அடர்ந்த காட்டுக்குள் பாவாயி அத்திக்காய் தின்றுகொண்டிருக்கிறாள். குட்டி வளர்ந்து முதுகில் ஏறியிருக்கிறது. இப்போதெல்லாம் ஊர்ப்பக்கமே வருவதில்லை, மனித வாடை பட்டாலே உள்ளே போய்விடுகிறாள் என்று கீழே எழுதியிருந்தது. மச்சான் பந்தி முழுக்கப் போனைக் காட்டினார்.

அம்மா வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏனுங்க மாப்ள, உங்கள நெனப்பு வெச்சிருப்பாளா?"

"சுத்தமா மறந்துட்டாளுங்க அத்தை" என்றார் மச்சான், வாயெல்லாம் பல்லாக. பிறகு இலையோரத்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.