வியாழக்கிழமைக்கு ஒரு சாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புட்போல் கிளப் லீக்கில் ஆறாம் இடத்தில் சீசனை முடித்தது.

நடந்தது அவ்வளவுதான். எங்களுக்கு மேலே வந்தவர்கள் பெரிய ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போகிறார்கள். அதன் மட்ச் செவ்வாயும் புதனும். ஆறாவதாக வந்த நாங்கள் அதற்கு அடுத்த கிண்ணத்துக்கு. அது வியாழக்கிழமை.

வியாழன் என்றதும் எனக்கு முதலில் வந்தது பொரித்த எண்ணெய் வாசம்...

லண்டனின் கிழக்குப் பக்கம் செவன் கிங்ஸில், ஒரு சிக்கன் கடைக்கு மேலே நேசன் அண்ணையின் அறை. ஒரு கட்டில், சின்ன டிவி, ஹீட்டரில் காயும் சொக்ஸ். லண்டனுக்கு வந்த புதிதில் நானும் அவரும் ஆர்ச்வேயில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். பிறகு அவருக்கு அந்தப் பக்கம் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் இந்தப் பக்கம், ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

சனியும் ஞாயிறும் இரண்டு பேருக்கும் வேலை. லீக் மட்ச் ஒன்றும் சேர்ந்து பார்க்க வழியில்லை. கிளப் ஐரோப்பாவுக்குப் போனால் மட்டும்தான் கிழமை நாளில் ஒரு பின்னேரம் கிடைக்கும். மற்றவர்கள் லீக் அட்டவணையைப் பெருமைக்குப் பார்த்தார்கள். நாங்கள் அதை ஷிப்ட் லிஸ்ட் மாதிரிப் பார்த்தோம்.

ஒரு வருஷம் கிடைத்தது. ஐந்தாம் இடம். அப்போது முதல் நாலு அணிதான் பெரிய கிண்ணத்துக்கு. எங்களுக்குக் குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகள். பாணும் டின் மீன் குழம்பும். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம்.

"அடியடா... அடியடா... இவனுக்கென்ன ரெண்டு காலும் இடக்காலோ?"

அண்ணை டிவியோடுதான் கதைப்பார். திரும்பி வரும் ரயிலில் என் ஜாக்கெட்டில் அந்த எண்ணெய் வாசம் இருக்கும். அதைக் கழுவ இரண்டு நாள் பொறுப்பேன்.

அடுத்த வருஷம் கிளப் படுத்துவிட்டது. எட்டாம் இடம்... ஆனால் உள்நாட்டுக் கப் பைனலுக்கு வந்துவிட்டோம். கப்பை வென்றவருக்கும் ஐரோப்பாவில் ஓர் இடம் உண்டு. எதிரில் நின்ற அணியோ ஏற்கெனவே லீக்கில் முதல் நாலுக்குள் வந்த அணி.

அண்ணை போனில் தீர்ப்புச் சொன்னார்.

"வெண்டால் நாங்கள் போறம். தோத்தால், அவங்கள் பெரிய கிண்ணத்துக்குப் போறபடியால் அந்த இடம் எங்களுக்குத்தான். எப்பிடியும் வியாழன் தம்பி. லீவைச் சொல்லிப்போடு."

"வடிவாத் தெரியுமோ அண்ணை?"

"காலங்காலமா அப்பிடித்தானேடா நடக்குது."

என் முதலாளி வருஷத்தில் ஒரு தடவைதான் லீவு நாளை மாற்ற விடுவார். போய்க் கேட்டேன்.

"வியாழன் பின்னேரம் வேணுமெண்டால், ஞாயிறு விடிய வந்து லொறி இறக்குவியோ?"

"ஓம், வாறன்."

அண்ணையும் தன் மனேஜரிடம் வியாழனை வாங்கிக்கொண்டார்.

பைனல் அன்று இரண்டு பேருக்கும் வயிற்றுக்குத்து... வேலையிடத்துக்கு அப்படித்தான் சொன்னோம். ஆர்ச்வேயில் ஒரு பப். இரண்டு கோலால் தோற்றோம். பப் முழுக்கச் செத்த வீடு. பெரிய பெரிய ஆட்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். நேசன் அண்ணை மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போறமடா!"

பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அண்ணை விளங்கப்படுத்தினார். கிழவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அந்த விதி மாறிவிட்டதாம். தோற்றவருக்கு இப்போது ஒன்றுமில்லை. அந்த இடம் லீக்கில் அடுத்து நிற்கும் அணிக்குப் போகும். அந்த அணி ஏழாவது.

நாங்கள் எட்டாவது.

எங்கள் வியாழக்கிழமைகளை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

ஞாயிறு லொறியை வருஷம் முழுக்க இறக்கினேன். சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. வியாழக்கிழமைகளில் அறையில் இருந்தேன். சில நாள் மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வெளியே சீக்கிரம் இருட்டிவிடும். சுவரோடு கதைக்கவா முடியும்? டிவியில் யாரோ இரண்டு அணி விளையாடும்... அணைத்துவிடுவேன்.

மாசியில் ஒரு கலியாண வீட்டில் அண்ணையைக் கண்டேன்.

"வியாழனில என்னடா செய்யிறனீ?"

"சும்மா இருக்கிறன். நீங்கள்?"

"நானும் அறையிலதான், சும்மா."

"அப்ப கூப்பிட்டிருக்கலாமே அண்ணை."

"மட்ச் இல்லாமல் என்ன சாட்டுச் சொல்லிக் கூப்பிடுறது? நீ வந்திருக்கலாமே."

"நான் மட்டும் என்ன சாட்டோட வாறது?"

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் மடத்தனத்துக்குச் சிரித்த சிரிப்பு அது. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே நாளில் லீவு எடுத்துக்கொண்டு, ஒரே ஊரின் இரண்டு மூலையில் தனித்தனியாக இருந்திருக்கிறோம். அந்தக் கோடையில் அண்ணை கலியாணம் கட்டி ரொறொன்ரோ போய்விட்டார்.

இப்போது மொத்தக் கடை என்னுடையது. லொறி இறக்க ஆட்கள் இருக்கிறார்கள். கிங்ஸ்பரியில் வீடு, சுவர் அளவுக்கு டிவி, எல்லாச் சனலும் வரும். ஆறு பேர் இருக்கக்கூடிய சோபாவில் ஒரு மூலையில் நான். மனைவிக்குப் பந்து பிடிக்காது. மகள் கோலை மட்டும் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, யூ லொஸ்ட்" என்று படியால் ஏறிப் போய்விடுவாள். வீட்டில் டின் மீன் வாங்குவதில்லை.

போன ஞாயிறு கடைசி விசில் ஊதியதும் அண்ணைக்குப் போன் போட்டேன். கதைத்து மூன்று வருஷமிருக்கும்.

"என்னடா, ஆரும் செத்துப்போயிட்டினமோ?"

"இல்லை அண்ணை. ஆறாமிடம் வந்திட்டம்."

அங்கே டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அப்ப... வியாழன்."

"ஓம், வியாழன். வடிவா விசாரிச்சிட்டுத்தான் சொல்லுறன்."

இங்கே மட்ச் இடைவேளை விடும்போது அங்கே பின்னேரம் மூன்றே முக்கால். பக்டரியில் அவருக்கு டீ பிரேக். நான் அரை மணித்தியாலம் கதைக்கக் கேட்டேன். அவர் பத்து நிமிஷத்துக்கு மேல் ஏலாது என்றார்.

பதினைந்து நிமிஷம் என்று பேசி முடித்தோம். ஒவ்வொரு வியாழனும், ஒரு முறை அவர் போன் போடுவது, மறுமுறை நான். தோற்றாலும் எடுப்பது. மட்ச் இல்லாவிட்டாலும் எடுப்பது.