ஒட்டுப்போட்ட கேபிள்

பெரம்பலூரில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தால், இடது சுவரில் ஆணியில் ஒரு பழைய பிரிண்டர் கேபிள் சுருண்டு தொங்கும். கட்டைவிரல் தடிமன்; நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. இனி எதற்கும் உதவாது. பழைய சாமான்காரரிடம் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

பல வருஷங்களுக்கு முன் அரியலூர்ச் சாலையில் ஒரு லாரி எடைமேடை இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஏறி நின்றால் எடை கணினிக்கு வரும், பிரிண்டர் சீட்டு அடிக்கும். கணினியில் உட்கார்ந்திருந்தவர் கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஓர் அக்கா. டிரைவர்கள் அறைக்குள் வந்து முட்டிக்கொள்கிறார்கள் என்று, பிரிண்டரை வாசல் ஜன்னலுக்கு மாற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார் முதலாளி. அவ்வளவு நீளக் கேபிள் என்னிடம் இல்லை. தொழிலுக்குப் புதிது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வாய் வராமல், இரண்டை வெட்டி ஒட்டி மாட்டிவிட்டு வந்தேன்.

அது பேரலல் கேபிள். எழுத்தோ எண்ணோ, கணினி அதை எட்டுத் துண்டாக்கி அனுப்பும்; எட்டும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் ஓடும். வேகம் உண்டு; ஆனால் கம்பி நீண்டால் ஏதாவது ஒரு துண்டு பின்தங்கும், ஐந்து என்று அனுப்பியது ஒன்று என்று அச்சாகும். சீரியல் அப்படியில்லை. வரப்பில் நடக்கிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகள் ஒரே கம்பியில் போகும். மெதுவானாலும் தூரம் தாங்கும். எடைமேடையிலிருந்து கணினிக்கு வந்ததே சீரியல் கம்பிதான். இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கேபிள் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும்.

பத்து நாளில் சீட்டுகளில் எடை குறைந்தது. எல்லாவற்றிலும் இல்லை, ஒன்றிரண்டில். இருபத்தைந்து டன் இருபத்தொன்றாயிற்று. அதிக பாரத்தை மறைக்க அக்கா லாரிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார் என்று பேச்சு கிளம்பியது. முதலாளி என்னை வரவழைத்தார். சோதனைக்கு நான் அடித்த சீட்டுகள் சரியாக வந்து தொலைத்தன.

"கம்ப்யூட்டர்ல பாருங்க சார், இருபத்தஞ்சுன்னுதான் இருக்கு. ஒயரு மாத்துனதுலேர்ந்துதான் இப்படி வருது," என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். "கம்ப்யூட்டர்ல இருக்கறத அப்புறமா கூட மாத்திக்கலாம் சார். பிரிண்டர் தானா மாத்தாது."

அக்கா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அன்று மதியமே வேலையை விட்டுப் போனார். மறுவாரம் சீரியல் பிரிண்டர் ஒன்றை வைத்து, கேபிளைக் கழற்றி எடுத்துவந்தேன். இது இன்னும் நல்ல மாடல் என்றேன் முதலாளியிடம். சீட்டு பிறகு தவறவேயில்லை. அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். என் பேர் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன். எழுதும்போதே கூசுகிறது.

சென்ற மாதம் அக்கா கடைக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம், பிரிண்டர் பழுது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சரிசெய்து கொடுத்ததும் கேட்டார்: "ஒயரு நீளமா போட்டா எழுத்து மாறுமா தம்பி?"

"இந்தக் காலத்து பிரிண்டருக்கு மாறாதுக்கா."

தலையாட்டினார். பார்வை மெல்லச் சுவருக்குப் போய், ஆணியில் நின்றது.

"அது எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?"

"சும்மாதான்க்கா," என்றேன்.