பாக்கியம் அக்காவின் மஞ்சள் மேடுகள்

தம்பின் பசாருக்குப் பின்னால் இருக்கும் என் செடிக்கடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் மாரிமுத்து அண்ணன், எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலின் செயலாளர். "வாசுகி, பாக்கியம் அக்கா தவறிட்டாங்க லா. ஆஸ்பத்திரியிலேயே உயிர் போயிருச்சாம்," என்றார். நான் அப்படியே மணல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே, எப்போது அடக்கம் என்று கேட்டேன். "அடக்கம் இல்ல. சிரம்பான்ல எரிக்கிறாங்க. நம்ம காட்டுல இனிமே புது ஆள விட மாட்டாங்களாம்," என்றார். காடு என்ற அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதும் என் அழுகை நின்று கோபம் வந்தது. வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆகவே இந்த அஞ்சலி இனிமையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கதை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பிணம் புதைக்கும் இடத்துக்குக் காடு என்றுதான் பேர். சுடுகாடு, இடுகாடு என்றெல்லாம் வாய் நிறையச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. "காட்டுக்குப் போயிட்டு வந்தேன், குளிக்கணும்" என்பார்கள், அவ்வளவுதான். தோட்டம் வீடமைப்புக்காரர்களுக்குக் கைமாறியபோது நிலம் அளக்க வந்தவர்கள், செம்பனை மரங்கள் முடியும் சரிவைக் காட்டி இது என்ன இடம் என்று மலாயில் கேட்டார்கள். மாரிமுத்து அண்ணன் தமிழில் யோசித்து மலாயில் பதில் சொன்னார். "ஹூத்தான், துவான்." துவான் என்றால் ஐயா, ஹூத்தான் என்றால் வனம். மரமும் மிருகமும் இருக்கிற வனம்! கல்லறை கட்டும் வசதி எங்கள் ஆட்களில் யாருக்கும் இருந்ததில்லை. அடையாளத்துக்கு நட்ட மரக்கட்டைகளையும் கறையான் தின்றுவிட்டது. பிறகு நாங்கள் எவ்வளவு கத்தியும், "உங்க ஆளே வனம்னுதானே சொன்னாரு" என்பதே கம்பெனிக்காரர்களின் பதிலாக இருந்தது.

இதைக் கேட்ட அன்று பாக்கியம் அக்கா செண்டாயான் தொழிற்சாலையில் வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராகக் கோயிலுக்கு வந்தார். அவர் மகள் செல்வி டிங்கிக் காய்ச்சலில் போனவள். பள்ளிச் சீருடையோடு அந்தச் சரிவில்தான் படுத்திருக்கிறாள். அக்கா அழவில்லை. எல்லோர் முன்னாலும் மாரிமுத்து அண்ணனைப் பார்த்து, "ஏன் மாரி, ஒங்கப்பாவையும் அங்கதானே போட்டோம்? ஒங்கப்பா என்னா புலியா, காட்டுல படுத்துக் கெடக்க?" என்று கேட்டார். சிரிக்கக் கூடாத நேரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகு அவர் முன்னால் யாராவது காடு என்று சொன்னால் வாயிலேயே போடுவார். "குபூர்னு சொல்லு. அவங்களுக்குப் புரியிற பாஷையில சொல்லு," என்பார். குபூர் என்றால் கல்லறை.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்தார். "வருசம் பூரா எல கொட்டக் கூடாது, வருசம் பூரா பூக்கணும். பாத்தவன் இது தானா மொளச்சதுன்னு சொல்லக் கூடாது. அப்படி என்னாடி வச்சிருக்க?" என்றார். கேமரன் மலையிலிருந்து வந்த மஞ்சள் டேசி கொஞ்சம் இருந்தது. இடுப்பளவு வளரும் புதர். சீப்புப் பல் போல வெட்டுப்பட்ட இலை, நீளக் காம்பில் ஒற்றை ஒற்றையாய் மஞ்சள் பூ. செவந்தி என்று நினைத்துச் சாமிக்குப் பறிப்பார்கள், செவந்தி இல்லை. "அக்கா, இது குளிருக்குப் பழகுன செடி. நம்ம மழைக்கு வேர் அழுகிச் செத்துரும், வேணாம்," என்று சொன்னேன். வியாபாரம் செய்கிறவள் இப்படிச் சொன்னால் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. செல்வியைப் புதைத்த மேட்டில் கொண்டுபோய் நட்டார்.

என் கடை வாசலில் நான் நட்டது ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. செல்வியின் மேட்டில் நட்டதோ பூத்துக் குலுங்கியது. போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. குழி மேடு! சரிவில் இருக்கும் மேட்டில் தண்ணீர் நிற்காது. எங்கள் ஊரில் அந்தச் செடி பிழைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. "ஒன் வாசல்ல செத்தது எம்மவகிட்ட பொழைக்குது பாரு," என்றார் அக்கா. அந்த ஒரு செடியிலிருந்து குச்சி எடுத்து வேர் பிடிக்கவைத்து, தனக்குத் தெரிந்த ஒவ்வொரு குழியையும் மணலும் உடைந்த செங்கல்லும் போட்டு உயர்த்தி, மேட்டுக்கு ஒரு செடி வைத்தார். என் லாரியில் வந்த மணல்தான். காசு வாங்கினால் திட்டுவார், வாங்காவிட்டாலும் திட்டுவார்.

பூ ஓய்ந்ததும் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரை அங்கேதான் பார்க்கலாம். உதவி செய்கிறேன் என்று ஒருமுறை நான் நன்றாக இறக்கி வெட்டப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சை இருக்கிற எடத்தோட நிறுத்து. கட்டைக்கு எறங்குனா கோவிச்சுக்கும், அப்புறம் துளிர்க்காது." தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். இலை லேசாகத் தொங்கினால், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கோளைத் தண்ணீர் ஊற்றுவார். "தண்ணிதான் இதுக்கு எமன்," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். யார் காதில் வாங்கினார்கள்?

ஒருநாள் சுவா ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தம் தகப்பனார் குழி எதுவென்று அவருக்கு மறந்துவிட்டது. "எங்கயாவது ஒரு மேடு போட்டுச் செடி வச்சிரும்மா," என்று கெஞ்சினார். அக்கா முடியாது என்றுவிட்டார். எனக்கே பொறுக்கவில்லை. மேடுகள் கூடினால் நமக்குத்தானே நல்லது, கம்பெனிக்காரன் தோண்டியா பார்க்கப்போகிறான் என்று சண்டை போட்டேன். "பொய்க் குழி ஒண்ணு போட்டேன்னு வையி, நெசக் குழி அத்தனையும் பொய்யாப் போயிரும்டி. எம்மவ பொய்யாப் போயிருவா," என்றார். பெரியவர் கோபித்துக்கொண்டு போனார்.

செல்வி மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, மணல் பரப்பி வைத்திருந்தார். அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. "அவ இருட்டுக்குப் பயப்படுவா," என்று ஒரு தடவை அவரே சொன்னார். இந்த ஓர் இடத்தைத்தான் அவருக்குக் கொடுக்க மறுத்தார்கள். மகன்கள் இரண்டு பேரும் அலைந்து பார்த்துவிட்டார்கள். "வனத்துல எப்படிப் புதைக்கிறதுன்னு கேக்குறாங்க, ஆன்ட்டி," என்று பெரியவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மின்சுடலையில் எரித்து, போர்ட்டிக்சன் கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். அங்கே மைக்கைப் பிடித்த ஒருவர் "பூந்தோட்டம் அமைத்த அன்னை" என்று பேசினார். அடப்பாவி! பூந்தோட்டமா அமைத்தார் அவர்? பிணம் இருக்கிறது பார் என்று கத்தினார் ஐயா, பூவால் கத்தினார். உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய கொடுமையைக் கருமாதி முடிந்து சரிவுக்குப் போனபோது பார்த்தேன். கோயிலிலிருந்து ரப்பர் குழாய் இழுத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அக்காவோடு ஒருநாள் மண்வெட்டி பிடிக்காதவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். தண்ணீர் வழிந்தோடாமல் இருக்க ஒவ்வொரு மேட்டையும் வெட்டி, செடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தார்கள். மேடு போய்ப் பள்ளமாகிவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. "அக்கா நெனவா மூணு வேளையும் ஊத்துறோம். இருந்தும் வாடுது லா, அதான் இன்னும் கொஞ்சம் சேத்து ஊத்துறோம்," என்று மாரிமுத்து அண்ணன் பெருமையாகச் சொன்னார். அலமாக்! எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வேர் அழுகினால் இலை தொங்கும், தொங்கினால் தாகம் என்று இவர்கள் இன்னும் ஊற்றுவார்கள். செடிகூடப் போகட்டும். நில அலுவலகத்திலிருந்து, குழிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வருவதாகத் தகவல் வந்திருந்த நேரம் அது. குழிக்கு இருந்த ஒரே அடையாளத்தைக் குழிக்காரர்களின் பிள்ளைகளே வெட்டிப் பள்ளமாக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் கத்தி முடித்ததும் மாரிமுத்து அண்ணன் தம் தகப்பனாரின் பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பன நானே திரும்பத் தோண்டிட்டேன், வாசுகி," என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எந்திரிச்சு மணல அள்ளுங்க," என்றேன். அள்ளினார். எல்லோரும் அள்ளினார்கள். பாத்தியை உடைத்து, தண்ணீரை வடியவிட்டு, பழையபடி மேடு ஏற்றினோம். பாதிக்கு மேல் செடிகள் செத்துவிட்டன. செல்வியுடையது பிழைத்தது.

அதிகாரியாக வந்தது ஓர் இளம் மலாய்ப் பெண். அம்மா என்பதற்குப் புவான் என்றுதான் கூப்பிட வேண்டும். இது என்ன இடம் என்று கேட்டார். மாரிமுத்து அண்ணன் முன்னால் போய் நின்றார். "குபூர், புவான். என் அப்பா இங்கதான் இருக்கிறாரு," என்று மலாயில் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு மேடாக நின்று, "சியாப்பா தனாம்?" என்று கேட்டார். சியாப்பா என்றால் யார்; நடுவதற்கும் புதைப்பதற்கும் மலாயில் தனாம் என்ற ஒரே சொல்தான். யார் நட்டது என்று கேட்டாரோ, யாரைப் புதைத்தது என்று கேட்டாரோ, நாங்கள் இரண்டுக்கும் பதில் சொன்னோம். நட்டவர் பெயர் எல்லா மேட்டுக்கும் ஒன்றுதான்.

கடைசியில் செல்வியின் மேட்டுக்குப் பக்கத்தில் மணல் பரப்பிய இடத்துக்கு வந்தார். "இங்கே சியாப்பா தனாம்?" மாரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று அவர் கண் சொன்னது. எனக்கும் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. பாக்கியம் என்று ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், அதற்காக அந்தப் பெண் தோண்டியா பார்க்கப்போகிறார்? வாய்வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டேன்.

நில அலுவலகத்தின் முடிவு இன்னும் வரவில்லை. அக்காவின் கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன், பச்சையோடு நிறுத்துகிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கத்தரிக்கோல் அல்ல. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் அது. சொல்லும்போது நெஞ்சு வெடித்தது, இப்போதும் வெடிக்கிறது. அத்தனை பேருக்கும் அடையாளம் வைத்தவரின் இடத்தைக் காட்டி, அவர் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, உண்மையைச் சொன்னேன்.

"இங்க யாரும் இல்ல, புவான்."